கடல்ல ஓடுற பஸ்: யாழ்ப்பாணத் தீவுகளுக்கு ஃபெர்ரியில்

கொட்டிவாக்கத்துலேருந்து இன்னொரு எபிசோட். "நாலு நாள் லீவு இருக்கு ப்ரோ, மலை வேணாம், ரிசார்ட் வேணாம், சும்மா உட்கார்ந்துட்டே போற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. சும்மா உட்கார்ந்து போறதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஃபெர்ரியை அடிச்சுக்க ஆள் இல்லை. அதனால இன்னைக்கு அது பத்திதான்.

முதல்லயே ஒண்ணு தெளிவாக்கிடுறேன். நான் சொல்றது க்ரூஸ் இல்லை. க்ரூஸ்ல நீச்சல் குளம், பஃபே, டிஜே எல்லாம் இருக்கும், கப்பலே ஒரு மால் மாதிரி. ஃபெர்ரிங்கிறது இந்தக் கரையில நிக்கிற ஆளை அந்தக் கரையில இறக்கிவிடுற வண்டி. எம்டிசி பஸ்ஸைக் கடல்ல இறக்கிவிட்டா எப்படியோ அப்படி. அரிசி மூட்டையும் ஏறும், கல்யாண கோஷ்டியும் ஏறும், ஓரமா ஒரு சீட்டுல நாமளும் உட்கார்ந்துக்கலாம்.

சென்னைல இவ்ளோ கடல் இருக்கே, நம்மகிட்ட ஏன் ஃபெர்ரி இல்லைன்னு யோசிச்சிருக்கீங்களா? கொட்டிவாக்கம் பீச்ல போய் அஞ்சு நிமிஷம் நில்லுங்க, பதில் தெரிஞ்சிடும். வங்காள விரிகுடாவோட அலை எந்தத் தடையும் இல்லாம நேரா வந்து கரையில உடையுது. எதிர்ல ஒரு தீவும் கிடையாது. துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி மதராஸுக்கு வந்த கப்பல்லாம் தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகுல ஏத்தி, அந்த அலையைத் தாண்டித்தான் கரைக்குக் கொண்டு வருவாங்க. பலகைகளைக் கயிறு போட்டுத் தைச்சுக் கட்டின படகு அது. ஆணி அடிச்சிருந்தா அந்த அலையில பிளந்துடும். இப்போ சென்னைத் துறைமுகத்துலேருந்து அந்தமானுக்குக் கப்பல் போகுது, ஆனா அது சுமார் மூணு நாள் பயணம். சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு பக்கத்து ஊருக்குப் போய் வர்ற படகு இங்க கிடையாது.

தமிழ்நாட்டுல நம்மள்ல பல பேர் ஏறின ஒரே ஃபெர்ரி கன்னியாகுமரியிலதான் இருக்கும். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தோட பொதிகை, குகன், விவேகானந்தா. விவேகானந்தர் பாறைக்குப் போவாங்க, தண்ணி ஒத்துழைச்சா திருவள்ளுவர் சிலைக்கும் போவாங்க. பல நாள் தண்ணி ஒத்துழைக்காது, சிலைக்குப் படகு போகாது. அதுக்காகத்தான் ரெண்டு பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் போட்டு 2024 டிசம்பர் கடைசியில திறந்தாங்க. பாலம் வந்தா படகு போயிடும். ஃபெர்ரியோட கதை உலகம் பூரா இப்படித்தான், இதுக்கு அப்புறம் வர்றேன்.

சரி, நிஜமான தீவு ஃபெர்ரிக்கு எங்க போறது? இதே ஈசிஆர்ல தெற்கே போய்க்கிட்டே இருங்க. பாண்டிச்சேரி, கடலூர் தாண்டி நாகப்பட்டினம். அங்கேருந்து யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கிற காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கு. சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். ஏறக்குறைய நாலு மணி நேரம். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி 'செரியபாணி'ங்கிற கப்பலோட இது தொடங்குச்சு. சில நாள்லயே வடகிழக்குப் பருவமழை வந்துடுச்சு, சேவையை நிறுத்திட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல 'சிவகங்கை'ன்னு வேற கப்பல் வந்துச்சு. இப்பவும் மழைக்காலம்னா சந்தேகம்தான். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி சேவை இருக்கான்னு விசாரிச்சுக்கோங்க. பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான ஈடிஏ அனுமதியும் வேணும்.

இந்தப் பாதை புதுசு இல்லைங்கிறதையும் சொல்லிடணும். 1914-ல பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூர்லேருந்து கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட்ல போகலாம். தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கேருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், அப்புறம் மறுபடி ரயில். போட் மெயில்னு பேரு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழிச்சதும் அந்த வழி முடிஞ்சுது. அப்புறம் ராமேஸ்வரத்துலேருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடுச்சு, போர் தொடங்கினதும் அதுவும் நின்னுச்சு. ஆக, கிட்டத்தட்ட நாற்பது வருஷம் இந்தக் கடலைப் பயணியா யாரும் முறையாக் கடக்க முடியலை. கடந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அகதிகள்.

காங்கேசன்துறையில இறங்கி யாழ்ப்பாணம் டவுனுக்கு வந்தீங்கன்னா, அங்கேருந்து குறிகட்டுவானுக்கு பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நான் சொல்ற ஃபெர்ரி அங்கேருந்துதான் கிளம்புது. ஆனா இந்த பஸ் பயணத்துல தூங்கிடாதீங்க. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கிற தீவுகள்ல சிலதைத் தரையோட இணைச்சிருக்காங்க. கடல்ல மண்ணையும் கல்லையும் கொட்டி உசத்தின ரோடு அது, அங்க 'தாம்போதி'ன்னு சொல்றாங்க. பண்ணைத் தாம்போதி மேல பஸ் போகும்போது ரெண்டு பக்கமும் தண்ணி, சாலையோட மட்டத்துக்குக் கொஞ்சம்தான் கீழே. தண்ணிக்குள்ள குச்சி நட்டு வளைச்சு வளைச்சு வேலி மாதிரி கட்டியிருப்பாங்க. அதுதான் களங்கட்டி, மீன் உள்ளே வந்தா திரும்பி வெளியே போகத் தெரியாத ஒரு பொறி. வேலணை, அப்புறம் வாணர் பாலம், அப்புறம் புங்குடுதீவு. புங்குடுதீவோட மேற்கு நுனியில ரோடு முடியுது. ரோடு முடியிற இடத்துல ஒரு இறங்குதுறை. ஜெட்டிக்கு அவங்க சொல்ற வார்த்தை அதுதான். ஏறுறதுக்கும் அதே இறங்குதுறைதான், எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

பாலம் போடாத தீவுகள் நாலு: நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. டச்சுக்காரங்க இந்தப் பகுதிக்கு வந்தப்போ ஊர் ஞாபகத்துல தீவுக்கெல்லாம் அவங்க ஊர்ப் பேரை வெச்சுட்டாங்க. வேலணை லைடன் ஆச்சு, காரைநகர் ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ராட்டர்டாம். மத்ததெல்லாம் வழக்கத்துல நிக்கலை. நெடுந்தீவுக்கு வெச்ச டெல்ஃப்ட் மட்டும் இன்னும் இங்கிலீஷ் மேப்ல ஒட்டிக்கிட்டிருக்கு.

முதல் தடவைன்னா நயினாதீவுக்குப் போங்க. 15, 20 நிமிஷம்தான். லைஃப் ஜாக்கெட் போட்டு, குனிஞ்சு, கீழ்த்தட்டு பெஞ்சுல இடம் பிடிக்கணும். டிக்கெட் விலை பஸ் டிக்கெட் அளவுதான். நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போற தமிழ்க் குடும்பமும் நாகதீப விகாரைக்குப் போற சிங்களக் குடும்பமும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஒரு பக்கம் பட்டுப் புடவை, மல்லிகை. இன்னொரு பக்கம் வெள்ளை உடுப்பு, தாமரை மொட்டு. இருபத்தாறு வருஷம் நடந்த ஒரு போரைப் பத்திப் படிச்சுட்டு வந்தவனுக்கு அந்த பெஞ்சைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். அதை வெச்சு 'எல்லாம் சரியாயிடுச்சு'ன்னு மட்டும் எடுத்துக்காதீங்க. தீவைச் சுத்தி எங்கெல்லாம் கடற்படை நிக்குதுன்னும் பார்த்துக்கோங்க.

மணிமேகலை படிச்சவங்களுக்கு ஒரு கூடுதல் சந்தோஷம். மணிமேகலா தெய்வம் புகார்லேருந்து அவளைத் தூக்கிட்டுப் போய் விட்ட மணிபல்லவம் இந்த நயினாதீவுதான்னு சொல்றவங்க உண்டு. அமுதசுரபி கிடைச்ச இடம். கோயில் பக்கத்துல இருக்கிற அன்னதான மடத்துக்கும் அமுதசுரபின்னுதான் பேரு. ஒரு மணியாசனத்துக்காக ரெண்டு நாக அரசர்கள் சண்டை போட்டதும், புத்தர் வந்து தீர்த்து வெச்சதும் நம்ம காப்பியத்துலயும் இருக்கு, அவங்க பாலி நூல்லயும் இருக்கு. ரெண்டு கோஷ்டியும் ஒரே படகுல வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலான காரணம் இருக்குன்னு வெச்சுக்கலாம்.

ஆனா எனக்கு ஃபெர்ரியோட அருமை தெரிஞ்சது நெடுந்தீவுப் படகுலதான். ஒரு மணி நேரப் பயணம். காலையில படகு கிளம்புறதுக்கு முன்னாடி ஏத்துறதைப் பார்க்கணும். கேஸ் சிலிண்டர், சிமெண்ட் மூட்டை, முட்டை அட்டை, அட்டைப் பெட்டிக்குள்ள கோழிக்குஞ்சு, ஒரு சைக்கிள், ஒரு மோட்டார் பைக், ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போற டீச்சர்கள். நம்ம ஊர்ல ஒரு கடை ஓடுறதுக்கு என்னென்ன வேணும்னு நாம யோசிக்கிறதே இல்லை, ராத்திரியோட ராத்திரியா எப்படியோ வந்துடுது. இங்க ஒரு தீவுக்கு அன்னைக்கு என்ன வேணுமோ அத்தனையும் நம்ம கால் பக்கத்துல இருக்கு. சாமானை எண்ணிப் பார்த்தாலே அந்த ஊரோட ஒரு நாள் புரிஞ்சிடும்.

படகு கிளம்பின பிறகு செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. நான் வேலை செய்யற துறையில எல்லாத்துக்கும் ஒரு ப்ராக்ரஸ் பார் இருக்கும். படகுலயும் இருக்கு, அது அடிவானத்துல இருக்கிற ஒரு பச்சைக் கோடு. இருபது நிமிஷத்துக்கு அது கோடாவே இருக்கும். அப்புறம் பனைமரமாப் பிரியும். வேகப்படுத்தவும் முடியாது, ரெஃப்ரெஷ் பண்ணவும் முடியாது. பக்கத்துல இருக்கிற அம்மா முறுக்கு நீட்டுவாங்க, வாங்கிக்க வேண்டியதுதான்.

கடலும் வேற மாதிரி. பாக் நீரிணை ரொம்ப ஆழம் கம்மி, பெரும்பாலான இடத்துல பத்துப் பதினஞ்சு மீட்டருக்குள்ளதான். தீவுகளுக்கு நடுவுல அதைவிடக் குறைவு, சில இடத்துல தரையே தெரியும். 'பரவைக் கடல்'னு அவங்க சொல்றது இந்த மாதிரி பரந்து கிடக்கிற ஆழமில்லாத கடலை. இந்தியப் பெருங்கடலோட பெரிய அலைகளைத் தெற்குப் பக்கம் ராமர் பாலத் திட்டுகள் தடுத்துடுது. அதனால காத்து இல்லாத நாள்ல இது ஏரி மாதிரி கிடக்கும், கொட்டிவாக்கத்துல கேக்குற அந்த இரைச்சலே இருக்காது. ஆனா ஆழம் கம்மியா இருக்கிற தண்ணிக்கு ஒரு குணம். காத்து எழும்பினா சீக்கிரமே சின்னச் சின்னதா, நெருக்க நெருக்கமா அலை கிளம்பிடும். படகு மெதுவா ஏறி இறங்காது, குலுக்கும். அதனால அங்க எல்லாருக்கும் காத்தோட பேர் தெரியும். தெற்கே இருந்து வந்தா சோளகம், வடக்கே இருந்து வாடை, மேற்கே கச்சான், கிழக்கே கொண்டல். நம்ம காசிமேட்டு மீனவர்களுக்கும் இந்தப் பேர்கள் புதுசு இல்லை, நமக்குத்தான் ஏசி ரிமோட்ல இருக்கிற நம்பர் மட்டும் தெரியுது.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். பவளக் கல்லைச் சாந்து இல்லாம ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கட்டின வேலிகள், பவளக் கல்லால கட்டின பழைய கோட்டையோட மிச்சம், ஐரோப்பியர் காலத்துல வளர்க்கக் கொண்டு வந்து இப்போ காட்டுத்தனமாத் திரியிற குதிரைகள், ஆப்பிரிக்காவுலேருந்து வந்த ஒரு பெருக்கு மரம். எல்லாத்தையும் ஆட்டோக்காரர் காட்டிடுவார். நான் இதுல நேரம் எடுத்துக்கப் போறதில்லை, யூட்யூப்ல நிறைய இருக்கு.

நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது படகைப் பத்தி. நெடுந்தீவு மக்கள்கிட்ட படகுன்னு சொன்னா குமுதினின்னு சொல்வாங்க. அப்புறம் வடதாரகை, நெடுந்தாரகைன்னு வேற படகுகளும் வந்துச்சு, ஆனா குமுதினிதான் பல பத்தாண்டுகளா அவங்க பஸ். 1985 மே 15 காலையில நெடுந்தீவுலேருந்து குறிகட்டுவானுக்கு வந்துக்கிட்டிருந்த குமுதினியை நடுக்கடல்ல மறிச்சு ஏறினவங்க, பயணிகளை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு வெட்டிக் கொன்னாங்க. இருபது பேருக்கு மேல இறந்தாங்க, பெண்களும் குழந்தைகளும் உட்பட. வந்தவங்க கடற்படை ஆட்கள்னு பிழைச்சவங்க சாட்சி சொன்னாங்க, அரசாங்கம் மறுத்துச்சு. ஒவ்வொரு மே 15-ம் நெடுந்தீவுல நினைவு நாள் நடக்குது.

என்னை நிறுத்தி வெச்ச விஷயம் அதுக்கப்புறம் நடந்தது. அந்தப் படகைப் பழுது பார்த்து மறுபடி அதே வழியில ஓட்டினாங்க. வேற வழி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகணும், பரீட்சை எழுதணும், அரிசி வரணும். சொந்தக்காரங்க செத்த படகுலயே ஏறி, அதே பெஞ்சுல உட்கார்ந்து போகணும். நான் 'ஆஹா, என்ன அமைதி'ன்னு கடலைப் பார்த்துட்டிருந்தப்போ, பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க அந்தக் கடல்ல என்ன பார்த்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு பேச்சும் ஞாபகம் இருக்கு. திரும்பி வர்றப்போ ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி எவடம்?" சென்னைன்னேன். "ஓ, இந்தியாவோ. சாப்பிட்டியளோ?" கொஞ்ச நேரம் கழிச்சு, கோபமே இல்லாம, "உங்கட ரோலரெல்லாம் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது, தெரியுமோ?" ரோலர்னா டிராலர், இழுவைமடிப் படகு. கடலோட தரையையே வாரிட்டுப் போற வலை. இலங்கை 2017-ல அந்த முறையையே தடை செஞ்சுடுச்சு. நம்ம நியூஸ்ல 'தமிழக மீனவர்கள் கைது'ன்னுதான் வரும், அந்தக் குடும்பங்களோட கஷ்டமும் நிஜம்தான். ஆனா எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதும் தமிழ் மீனவன், அவன் வலையும் கடன்ல வாங்கினது. இந்த ரெண்டாவது பாதியை நான் முதல்முறையா ஒரு மனுஷன் வாயால கேட்டது அந்தப் படகுலதான். விமானத்துல போயிருந்தா கேட்டிருக்க மாட்டேன்.

இப்போ அந்தப் பாலம் விஷயம். தீவுக்குப் பாலம் வரணுமா, படகே இருக்கட்டுமா? நம்மள மாதிரி ஆட்கள் 'ஐயோ பாலம் வந்தா அழகு போயிடும்'னு சொல்வோம். அந்த அழகுக்கு நாம வருஷத்துக்கு ஒரு மணி நேரம் செலவழிக்கிறோம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலி வந்த பொண்ணைப் படகுல ஏத்துறவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. கேரளாவுல வேம்பநாட்டுக் காயல்ல இருக்கிற பெரும்பளம் தீவுக்காரங்க வருஷக்கணக்காப் பாலம் கேட்டது இதுக்காகத்தான். அதே காயல்ல வைக்கம் பக்கத்துல 2017-லயே 'ஆதித்யா'ன்னு சோலார் படகு விட்டாங்க, இந்தியாவுலயே முதல் சோலார் ஃபெர்ரி. அருமையான படகு. ஆனா படகு எவ்ளோ நல்லா இருந்தாலும் ராத்திரி அது தூங்கும்.

பாலம் போட முடியாத இடத்துக்கு வேற ஒரு யோசனையும் இருக்கு. ஸ்காட்லாந்துல 2008-ல சில தீவு வழிகள்ல சோதனையாத் தொடங்கினாங்க: ஃபெர்ரி கட்டணம், அதே தூரத்தை ரோட்ல போனா எவ்ளோ செலவாகுமோ அதை வெச்சுக் கணக்கு. 2015-க்குள்ள மேற்குக் கரைத் தீவுகள் பூரா வந்துடுச்சு. கடலை ரோடுன்னே அரசாங்கம் ஒத்துக்குது பாருங்க, அந்த லாஜிக் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா அதுல ஒரு பக்! கட்டணம் குறைஞ்சதும் டூரிஸ்ட் குவிஞ்சாங்க. கோடைக்காலத்துல தீவுக்காரங்களுக்கே கார் ஏத்த இடம் கிடைக்காம போச்சு.

அதனால நெடுந்தீவுக்குப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். திருவிழா, லாங் வீக்கெண்ட் விட்டுட்டு வாரநாள்ல போங்க. படகு நேரத்தை முதல் நாளே அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டுக்கோங்க, ஆன்லைன்ல பார்த்ததை நம்பாதீங்க. திரும்புற படகு பிற்பகல்லயே கிளம்பிடும், அதை விட்டா ராத்திரி அங்கதான். கூட்டமா இருந்தா ஊர்க்காரங்க ஏறின பிறகு ஏறுங்க. நமக்கு அடுத்த நாளும் படகு இருக்கு, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் இருக்கிறவங்களுக்கு இன்னைக்குப் படகுதான். நல்ல தண்ணி அங்க அரிது, ரெண்டு பாட்டில் கையில எடுத்துட்டுப் போங்க, காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம், கடற்படை இருக்கிற இடம். கடல் குலுக்குற நாள்னா நடுத்தட்டுல, எஞ்சின் புகை வராத பக்கமா உட்கார்ந்து, ஃபோனைப் பார்க்காம தூரத்துக் கோட்டையே பாருங்க. வாந்தி வராது, வந்தாலும் யாரும் சிரிக்க மாட்டாங்க, ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுவாங்க.

இலங்கை வரைக்கும் இப்போ முடியாதுன்னா கொச்சி போங்க. ஹைகோர்ட் ஜெட்டிலேருந்து வைப்பின் தீவுக்கு வாட்டர் மெட்ரோ, 2023 ஏப்ரல்ல திறந்தது. பேட்டரிப் படகு, ஏசி, மெட்ரோ கார்டு தட்டி ஏறலாம். எனக்கு என்னவோ அதே ஊர்ல ஓடுற பழைய டீசல் படகுதான் பிடிக்கும், ஆனா அது என் கிறுக்கு.

அடுத்த எபிசோட் வீட்டுக்குப் பின்னாடியே. கொட்டிவாக்கத்துக்கு மேற்கே, ஓஎம்ஆருக்கு இந்தப் பக்கம், நாறிக்கிட்டு ஒரு கால்வாய் போகுதே, பக்கிங்ஹாம் கால்வாய். விறகும் உப்பும் அரிசியும் ஏத்தின படகுகள் ஆந்திராவுலேருந்து மரக்காணம் வரைக்கும் அதுல போய்க்கிட்டிருந்தது. உங்க வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது அந்தப் படகைப் பார்த்திருந்தா, அவங்க குரலை ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. மைக்கெல்லாம் வேணாம், ஃபோன் போதும்.